முகம் சுளிக்காதே, ஒரு வாய் சாப்பிட்டுப் பார்!



"வெளிநாடு போனா அங்க என்ன குடுத்தாலும் மரியாதைக்குச் சாப்பிட்டுடணும்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். என் கருத்து கொஞ்சம் வேறு. எல்லாவற்றையும் விழுங்குவது மரியாதை இல்லை. முகம் சுளிக்காமல் இருப்பதுதான் மரியாதை. அது வெளிநாட்டுக்கு மட்டும் இல்லை, நம்ம வகுப்பறைக்கும் பொருந்தும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் வெளிநாடு. என் அண்ணன் நம்ம பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். மூன்று மாதப் பயிற்சிக்குத் தென்கொரியா போய் வந்தார். அங்கே மூன்று வேளையும் கிம்ச்சி உண்டு. ஒரு வகை முட்டைக்கோஸை உப்பு, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி போட்டுப் புளிக்க வைப்பது. பெரும்பாலும் மீன் சாறும் சேர்ப்பார்கள், அதனால் சைவம் சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். குளிர்காலத்துக்கு முன்னால் ஊரே கூடி கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. "முதல் வாய் ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வாய்ல நம்ம ஊறுகாய் ஞாபகம் வந்துடுச்சு" என்றார் அண்ணன்.

ஒரு நாள் விருந்தில் அவருக்கு சோஜு என்ற மதுவை ஊற்ற வந்தார்கள். அண்ணன் குடிக்க மாட்டார். அங்கே பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அப்படியே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, தலை குனிந்து, "நான் குடிப்பதில்லை, மன்னிக்கணும்" என்றாராம். அவர்கள் சிரித்துக்கொண்டே ஜூஸ் ஊற்றினார்களாம். யாரும் கோபிக்கவில்லை. "வேணாம்னு சொல்றது தப்பில்ல, மூஞ்சியைச் சுளிக்கிறதுதான் தப்பு" என்று அண்ணன் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

இன்னொரு விஷயம். ஜப்பானில் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது மரியாதை. கொரியாவில் கிண்ணம் மேசையிலேயே இருக்க வேண்டும், தூக்கினால் மரியாதைக் குறைவு. நம்ம ஊரில் கையால் பிசைந்து சாப்பிடுகிறோம். இதில் எது சரி, எது தப்பு? அவரவர் ஊரில் அவரவர் முறை சரி.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. கொரியாக்காரர்களும் ஜப்பான்காரர்களும் வந்தார்கள். பெங்களூர் ரோட்டில் கொரிய எழுத்தில் போர்டு வைத்த ஓட்டல்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சோற்றைக் கையால் எடுத்தால் போதும், "டேய், பாருடா!" என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு சுற்றி நிற்கிறோம்.

ஆனால் இதே ஆலைகளுக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்திருக்கிறார்கள். அவர்களை யார் போட்டோ எடுக்கிறார்கள்? அவர்கள் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். ஒருவன் டிபன் டப்பாவைத் திறந்ததும் "உவ்வே, என்னடா இது நாத்தம்?" என்று சிலர் மூக்கைப் பிடிக்கிறார்கள். அவன் இப்போதெல்லாம் மரத்தடிக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறான். டப்பாவில் என்ன இருந்தது? கடுகு எண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கு. அவ்வளவுதான்! முதல் தடவை வருகிறவருக்கு நம்ம கருவாட்டுக் குழம்பு வாசனை எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

ஒடிசாக்காரர்களின் 'பகாளா' என்ன தெரியுமா? சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்து, வறுத்த வடகம் தொட்டுச் சாப்பிடுவது. அதாவது நம்ம பழைய சோறு! மார்ச் 20-ஐ பகாளா தினமாகவே கொண்டாடுகிறார்கள். பீகாரின் 'லிட்டி' என்பது கோதுமை உருண்டைக்குள் வறுத்த கடலை மாவை வைத்துத் தணலில் சுடுவது. இதில் மூக்கைப் பிடிக்க என்ன இருக்கிறது?

நாம் கவனிக்காத ஒன்று உண்டு. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல். மதியம் சத்துணவு. வீட்டில் ரொட்டி சாப்பிட்டு வளர்ந்த குட்டிப் பிள்ளை, நம்ம சாம்பார் சாதத்தை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிறது. "அக்கா, ரசத்தைக் குடிக்கணுமா, சோத்துல ஊத்தணுமா?" என்று ஒரு சிறுமி என்னிடம் கேட்டாள். தெரியாத ஊர்ச் சாப்பாட்டை மரியாதையோடு ருசி பார்ப்பது என்றால் இதுதான். ஏழு வயதில் அவளுக்குத் தெரிந்தது, பத்தாம் வகுப்புக்குத் தெரிய வேண்டாமா?

முகர்ந்தால் வாடும் அனிச்ச மலரைப் போல, முகம் மாறிப் பார்த்தால் விருந்தினர் வாடிவிடுவார் என்கிறார் வள்ளுவர். விருந்தினர் முகம் சுளித்தால் சமைத்தவரும் வாடத்தானே செய்வார்? அந்த டப்பாவை ஒரு அம்மா, நைட் ஷிப்ட் முடித்து வந்து கட்டிக் கொடுத்தது.

"பிடிக்காததை எப்படிப்பா சாப்பிடறது?" என்று கேட்பீர்கள். சாப்பிடவே வேண்டாம்! நான் சொல்வது இவ்வளவுதான்:

1. உங்கள் வீட்டு வழக்கத்துக்கோ உடம்புக்கோ ஆகாதா? "இதுல என்ன போட்டிருக்கு?" என்று முதலிலேயே கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

2. ஆகும் என்றால் கொஞ்சமாக ஒரு வாய் எடுங்கள்.

3. பிடிக்கவில்லையா? "எனக்குப் பழக்கம் இல்லை, போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

4. "சீ", "உவ்வே", "நாத்தம்" இந்த மூன்று வார்த்தையும் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

நாளைக்கு நம்மில் பலர் வேலைக்காக கொரியாவோ, ஜப்பானோ, துபாயோ போகலாம். அங்கே நம்ம புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பிடித்தால் எப்படி இருக்கும்?

நாளை மதிய இடைவேளையில் நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகிறேன். புளிசாதம்தான். வருகிறவர்கள் வரலாம்!

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி