முன்பெஞ்சுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்

கவிஞர் சுகிர்தராணியின் கவிதை ஒன்றில் ஒரு பள்ளிச் சிறுமி வருகிறாள். அப்பா என்ன வேலை பார்க்கிறார், வருடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று வாத்தியார் கேட்டால் அவளுக்கு வாய் வராது. அடி விழும். சேர்த்துக்கொள்ள ஒருத்தியும் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுவாள்.

ஊர் நூலகத்தில் மாதமொரு முறை கூடும் வாசகர் வட்டத்தார் போன மாதம் இதைப் படித்தார்கள். “அருமை”, “மனசு கனத்துப்போச்சு” என்று வழக்கமான பேச்சுதான். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்தான் கேட்டார்: “சரிங்க, அந்த வகுப்புல முன்னாடி உக்காந்திருந்த பிள்ளைங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்க?”

அதற்கப்புறம் ஒரு அம்மா தன் ஆறாம் வகுப்புக் கதையைச் சொன்னார். மதியம் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். ஒருத்தி மட்டும் தூக்குவாளியோடு வந்தால் வட்டம் நெருங்கிக்கொள்ளும். யாரும் ‘போ’ என்று சொன்னதில்லை. முழங்காலோடு முழங்காலை ஒட்டி இடத்தை அடைத்துவிடுவார்கள். “நானும் ஒட்டினேன்” என்றார்.

வேண்டுகோள் அங்கேதான் பிறந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் தடுக்கப்போன தங்கையையும் உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளியில் சாதியின் பேரில் தனக்கு நடந்த தொல்லையை அந்த மாணவர் வெளியே சொல்லியிருந்தார். இந்தத் தாக்குதலையடுத்து அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றது. பெஞ்சை உத்தரவு போட்டு மாற்றலாம். சாப்பாட்டு வட்டத்தில் உத்தரவு எடுபடுமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே வாசகர் வட்டத்தார் ஊர்க்காரர்களிடம் கேட்பது கவிதைக்கு விமர்சனம் அல்ல. பள்ளியில் எங்கே உட்கார்ந்தீர்கள், பக்கத்தில் யாரை உட்கார விடவில்லை, யாருக்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள் என்று ஒரே ஒரு பக்கம். ஒதுக்கப்பட்டவர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். எழுத்தாளர் பாமா தன் கதையைச் சொன்ன ‘கருக்கு’ வந்தது 1992இல். ஒதுக்கியவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் எழுதியதைத்தான் அலமாரியில் தேட வேண்டியிருக்கிறது.

உங்கள் பெயர், பள்ளியின் பெயர் எதுவும் வேண்டாம். ‘எல்லாரும் அப்படித்தான் இருந்தோம்’ என்று மட்டும் தொடங்காதீர்கள். ‘நான்’ என்றே எழுதச் சொல்கிறார்கள். நூலகர் மேசையில் மூடியைக் கிழித்த சாக்பீஸ் டப்பா இருக்கும், அதில் போடலாம். அடுத்த கூட்டத்தில் வாசிப்பார்கள். இன்றைக்குப் பள்ளியில் தவிக்கும் பிள்ளையைப் பற்றித் தெரிந்தால் அதை டப்பாவில் போட்டுக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசிவிடுங்கள்.

தபால்காரர் தன் தாளைப் போட்டுவிட்டார். இரண்டு பக்கம். ஒன்றில் அடங்கவில்லையாம்.