மோட்டார் வீட்டில் விளக்கு மங்குவதேன்?

இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகள் பிறவற்றிலும் விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு ஊர் சுற்றுவோர் பலர் மோட்டார் வீடுகளிற் செல்கின்றனர். ஒரு வானுக்குள்ளே படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, தண்ணீர்த் தொட்டி யாவும் அமைந்த நடமாடும் இல்லம் அது. புதியது வாங்குவதற்குப் பெருந்தொகை வேண்டுமாதலின், பிறர் பாவித்ததையே பலரும் நாடுகின்றனர். விலை பேசும்போது இயந்திரத்தையும் ரயர்களையும் நுணுகிப் பார்ப்பவர்கள், சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளை எண்ணிப் பார்ப்பதில்லை. முதற் பயணத்தின் இரண்டாம் இரவிலே விளக்கு மங்குகின்றது. தண்ணீர்ப் பம்பு முனகுகின்றது. உடனே, "பற்றரி பழுது" என்று தீர்ப்பு வழங்கிப் புதியதொன்றை வாங்கிப் பூட்டுகின்றனர். சில வாரங்களில் அதுவும் சோர்ந்துவிடுகின்றது. கள்வன் இருக்கக் காவற்காரனைத் தண்டித்த கதைதான் இது.

இத்தகைய வண்டியில் வழக்கமாக இரண்டு பற்றரிகள் உண்டு. ஒன்று இயந்திரத்தை இயக்குவதற்கு; மற்றையது வீட்டுப் பகுதியின் விளக்கு, பம்பு முதலியவற்றுக்கு. இரண்டும் பெரும்பாலும் 12 வோல்ற்று உடையவை. எனவே, எந்தப் பற்றரியின் வழியிற் குறை என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

இதற்கு வேண்டிய கருவி, மலிவாகக் கிடைக்கும் ஒரு பல்மானி. ஈய அமிலப் பற்றரியைச் சில மணி நேரம் ஏற்றமும் இறக்கமும் இன்றி ஓயவிட்டு அளந்தால், நிறைந்த பற்றரி ஏறத்தாழ 12.7 வோல்ற்றும், பாதி வெறுமையானது 12.2 வோல்ற்று அளவும் காட்டும். நன்கு மின்னேற்றிய பின்னும் 10.5 வோல்ற்றிலேயே நிற்குமாயின், அதன் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது எனலாம். அப்பொழுது புதியது வாங்குவது நியாயமே. முன்னைய உடைமையாளர் இலித்தியப் பற்றரி பூட்டியிருந்தால் இக்கணக்குப் பொருந்தாது. அது ஏறக்குறைய வெறுமையாகும் வரை தன் வோல்ற்றளவைப் பெரிதும் மாற்றாது.

பற்றரி நல்லதாயின், அதற்கு உணவு கிடைக்கின்றதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடும்போது வீட்டுப் பற்றரியின் முனைகளில் 14 வோல்ற்றுக்கு அண்மையான அளவு தோன்றுதல் வேண்டும். பழைய வண்டிகளில், எண் அசையாமல் 12.5 இலேயே நின்றால், இரு பற்றரிகளையும் இணைக்கும் தொடர்பாளியையோ அதன் உருகியையோ சந்தேகிக்கலாம்.

பழைய வண்டிகளில் மிகுதியாகக் காணப்படும் குறை வேறொன்று. அது பற்றரியிலும் இல்லை, விளக்கிலும் இல்லை. இடையிலுள்ள மூட்டுகளில் ஒளிந்திருக்கின்றது. பாடசாலையிற் பௌதிகம் பயிலும் மாணவர், ஓம் என்ற ஜெர்மானிய அறிஞர் 1827 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியை இங்கே நினைவு கூரலாம். களிம்பேறிய ஒரு மூட்டின் தடை 0.1 ஓம் மாத்திரமே என்று கொள்வோம். அதனூடாக 10 அம்பியர் ஓடினால் 1 வோல்ற்று அங்கேயே தொலைகின்றது. வீட்டின் 230 வோல்ற்றில் ஒன்று குறைந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலோ விளக்கு வாடுகின்றது. இழந்த மின்சக்தி 10 வாற்று வெப்பமாகி அந்த மூட்டையே சுடுகின்றது. மரப்பலகைக்கும் பஞ்சுமெத்தைக்கும் நடுவே அவ்வாறு ஒரு மூட்டுச் சூடேறுவதை எண்ணிப் பார்த்தால், இது வெறும் வெளிச்சத்தைப் பற்றிய பிரச்சினை அன்று என்பது விளங்கும்.

இம்மூட்டைக் கண்டுபிடிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அளந்தால் எங்கும் 12 வோல்ற்றே தோன்றும். ஓட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை அன்றோ? ஆகவே விளக்கையும் பம்பையும் இயங்கவிட்டு, மானியின் ஒரு முனையைப் பற்றரியின் மறை முனையிலும், மற்றதை விளக்கின் மறைக் கம்பியிலும் வையுங்கள். எண் பூச்சியத்தை அண்டி நிற்க வேண்டும். அரை வோல்ற்றுக் காட்டினால், வண்டியின் இரும்புச் சட்டத்தோடு கம்பி சேரும் இடத்திலே துரு இருக்கக் கூடும். நேர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே சோதிக்கலாம். துருவைச் சுரண்டி, திருகாணியை இறுக்கி, சிறிது வசிலின் பூசினால் போதும். செலவு சில சதம். பயனோ ஒரு புதிய பற்றரியின் விலை.

கழற்றும்போது முதலில் மறை முனையைக் கழற்றுக. பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுக. மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு எழுமாதலின் அருகிலே தீக்குச்சி ஆகாது. எரிந்த உருகிக்குப் பதிலாகப் பெரியதையோ வெள்ளித்தாளையோ வைப்பவர் கம்பியையே உருகியாக்குகின்றார். வெளியிலிருந்து வரும் 230 வோல்ற்று இணைப்பில் நாம் கைவைத்தலே கூடாது. அது தகுதி பெற்ற மின்வினைஞரின் வேலை.

நிறுத்தி வைத்த வண்டியிற் பற்றரி தானாக வெறுமையாவதும் உண்டு. எல்லா ஆளிகளையும் நிறுத்தி, கழற்றிய மறைக் கம்பிக்கும் பற்றரி முனைக்கும் இடையே மானியை 10 அம்பியர் நிலையில் வைத்துப் பாருங்கள். (இந்நிலையில் அதைப் பற்றரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே வைத்தலோ இயந்திரத்தை இயக்குதலோ கூடாது.) 0.5 அம்பியர் கசிந்தால் நாளொன்றுக்கு 12 அம்பியர் மணி. 100 அம்பியர் மணிப் பற்றரி நான்கே நாளிற் பாதியாகிவிடும். உருகிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாருங்கள். எதை எடுத்தவுடன் எண் வீழ்கின்றதோ, கசிவு அந்த வழியிலேதான். அவ்வழியில் எரிவாயு எச்சரிக்கைக் கருவி இருக்குமாயின், குடும்பம் உள்ளே உறங்கும் இரவுகளில் அதனை நிறுத்திவிடாதீர்கள். ஆளில்லாமல் வண்டி தரித்து நிற்கும் காலத்துக்கு மட்டும் பற்றரியைத் துண்டித்து வைக்கலாம்.