அதிபத்தரை வணங்குவோர் அவர் குலத்தை மறந்ததென்னை?

காட்டுப்பள்ளி என்னும் பெயரைக் கேட்டவளவில் சைவ நன்மக்களின் உள்ளத்தே தோன்றுவன சோழநாட்டு மேலைத் திருக்காட்டுப்பள்ளியும் கீழைத் திருக்காட்டுப்பள்ளியுமேயாம். தேவாரம் பெற்ற அத்தலங்களுக்கு நெடுந்தொலைவில், சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியை அடுத்த கடற்கரையிற் பிறிதொரு காட்டுப்பள்ளி உண்டு. அது பாடல்பெற்ற தலமன்று. வலையும் படகுமே வாழ்வாகக் கொண்ட மீனவர் ஊர். அவ்வேரியைச் சூழ்ந்த நிலத்தில் அம்மன் கோயிலும் உண்டு. மாதா கோயிலும் உண்டு. கடற்கரை மக்கள் கிறித்து சமயம் புகுந்தமைக்குக் காரணம் பாதிரிமார் காட்டிய ஆசையே எனக் கூறி, அவ்வளவில் அமைந்துவிடுவார் சைவருட் பலர். அக்கூற்று முழுவதும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

அக்கூற்றில் ஒருபால் உண்மை உண்டு. தென்கடற்கரையிற் பரதவர் பல்லாயிரவர் 1530-களின் இடைப்பகுதியில் திருமுழுக்குப் பெற்றது, முத்துக்குளிப்பிற் போட்டியிட்டாரிடமிருந்து போர்த்துக்கீசியர் தம்மைக் காப்பர் என்னும் கருத்தினாலேயாம். ஆனால் அதன் பயன் யாது? 1542-இல் அக்கரை சேர்ந்த பிரான்சிஸ் சவேரியார் அவர்களை வினவியபோது, தாம் கிறித்தவர் என்பதன்றி வேறொன்றும் அவர்க்குத் தெரிந்திலது. ஆசையினாற் கிடைத்தது பெயர் ஒன்றே, சமயம் அன்று.

அப்பெயரைச் சமயமாக்கியது வேறொன்று. சவேரியார் மன்றாட்டுக்களைத் தமிழிற் பெயர்ப்பித்து மனனஞ் செய்து, கையிலே மணியேந்தித் தெருத்தெருவாய் நடந்து சிறுவரைக் கூட்டி, நாள்தோறும் சொல்லிக் கொடுத்தார். கற்ற சிறுவர் தம் தாய்தந்தையர்க்கும் அயலார்க்கும் சொல்லினர். அவர்க்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் 1578-இற் கொல்லத்தில் அச்சேற்றிய சிறுநூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’ என்பது. தம்பிரான் என்பது சைவர் நாவிற் பழகிய சொல்லன்றோ? அயல்நாட்டார் தமிழரின் வழிபாட்டுச் சொல்லையே எடுத்து, தமிழரின் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைப் புகட்டினர். அச்சொல்லை உடையார் அதனைக் கொண்டு குப்பத்துப் பிள்ளைக்கு எதனைப் புகட்டினர்?

இனி, கிறித்தவர் செய்தனவெல்லாம் நன்றே எனக் கொள்ளற்க. சிறுவரைக் கொண்டு தெய்வ வடிவங்களை உடைப்பித்ததும் அச்சவேரியார் காலத்துச் செயலேயாம். பழவேற்காடோ இதனினும் பெரிய சான்று. அங்கே 1613-இல் ஒல்லாந்தர் கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். 1630-களில் அங்குக் குருவாயிருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பதுமநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்து இந்நாட்டுச் சமய ஒழுக்கங்களைப் பற்றி எழுதிய நூல், அவர் இறந்தபின் 1651-இல் வெளிவந்தது. பிறர் சமயத்தைக் கேட்டறிய முயன்ற அம்முயற்சி போற்றற்குரியது. ஆயினும், பிறனைத் தன்னைப்போல நேசிக்கவென்னும் போதகம் முழங்கிய அக்கோட்டையை ஆண்ட வணிகக் கூட்டத்தாரே சோழமண்டலத் துறைகளிலிருந்து ஏழை மக்களை, பஞ்சத்தால் நொந்தோரை, அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றுமதி செய்தனர். கோயிலிற் கூறிய அன்பைத் துறையில் நின்ற கப்பல் பொய்யாக்கிற்று. இந்நாளிலும் அன்பே கடவுள் என்று சொல்லிய வாயாலே அயலான் வணங்கும் தெய்வத்தைப் பேயென்று தெருவிற் பழிப்பவன், தன் சமயத்தைத் தானே தோற்பிக்கின்றான்.

இதனைக் கேட்டு மகிழும் சைவர், இவ்வளவைக் கோலாலேயே தம்மையும் அளந்து காண்க. நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்தர், நாள்தோறும் தம் வலையிற் பட்ட மீன்களில் ஒன்றைச் சிவபெருமானுக்கென்றே கடலில் விட்டவர். பொன்மீன் ஒன்றே அகப்பட்ட நாளினும், வறுமையை எண்ணாது அதனையும் விட்டவர். அறுபத்துமூவருள் ஒருவராய் அவர் நிற்க, அவர் திருமேனிக்கு மாலை சூட்டி வணங்கும் கைகளே, அவர் தொழில் செய்வான் ஒருவன் அருகில் வரின் மேலாடையால் மூக்கை மூடுகின்றன. அவர் திருப்பெயரை ‘நாயனார்’ என்று ஓதும் நாவே, நரைத்த மீனவ முதியோரை ‘வாடா, போடா’ என்று விளிக்கின்றது. இது யாருடைய சூழ்ச்சி? எப்பாதிரி இதனைக் கற்பித்தான்?

“ஆறுமுக நாவலர் இக்குறையைத் தீர்த்திலரோ?” எனின், அப்பெரியார் பீட்டர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணிபுரிந்து, அவர்தம் பிரசங்க முறையையும் பள்ளி முறையையும் நேரிற் கண்டவர், 1847 டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கம் தொடங்கி, 1848-இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். அத்தொண்டு அளவிடற்கரியது. எனினும் கோயில் மண்டபத்திற் பேசுவது கோயிலுக்கு வருவோர் செவிக்கே எட்டும். மணியேந்திக் குப்பத்துக்குச் செல்லும் வேலை பின்வந்தோர்க்கு எஞ்சியிருந்தது. அவர் அதனைச் செய்திலர். கண்டன நூல்களையே மேன்மேலும் எழுதினர்.

சித்தாந்தம் பிற சமயங்களைச் சோபான முறையில் வைத்து எண்ணுவது. எத்தெய்வத்தை வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்று அருள்பவன் சிவனே எனத் துணிவது. அங்ஙனமாகலின் மாதாவை வணங்கும் மீனவனைப் பகைத்தல் சித்தாந்தமாகாது. அது சித்தாந்தத்தின் பெயரால் எழும் ஆணவமேயாம். சரியை முதற்படி என்பர். திருவிளக்கிடுதலும் திருவலகிடுதலும் மட்டுமோ சரியை? அடியாரைக் கண்டு பணிந்து இன்சொற் கூறுதலும் அதனுள் அடங்குமன்றோ?

காட்டுப்பள்ளிக் கரையில் இன்று பெருந்துறைமுகம் எழுந்துள்ளது. அதனை மேலும் விரிக்கும் திட்டத்தால் கடலும் ஏரியும் தம் பிழைப்பும் என்னாகுமோ என்று மீனவர் அஞ்சுகின்றனர். அவர்தம் மனைமுன் சென்று, ‘ஐயா’ என விளித்து, அக்கவலையைப் பொறுமையுடன் கேட்டு, அவர் பிள்ளைகளுக்கு ஐந்தெழுத்தின் பொருளையும் அதிபத்தர் வரலாற்றையும் எளிய தமிழிற் சொல்லும் சைவர் எத்துணையர்? அதனைச் செய்யாதார்க்கு மதமாற்றத்தைக் குறித்துப் புலம்பும் உரிமை இல்லை. கேட்பாரற்று நின்றானொருவனைப் பிறரொருவர் கைப்பற்றி அழைத்துச் சென்றால், கைந்நீட்டாதிருந்தவன் அழைத்தவனை நோவது எங்ஙனம்?