மிச்சமாகும் நேரம் யாருக்கு?

"எக்கோ" என்று நாம் சுருக்கமாக அழைக்கும் இதய மீயொலிப் பரிசோதனை பிறந்தது சுவீடனில். 1953 இல் லுண்ட் நகரில் இங்க எட்லர் என்ற வைத்தியரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற பௌதிகவியலாளரும், உலோகத்தின் உட்குறைகளை அறியப் பயன்பட்ட கருவியொன்றைக் கொண்டு இதயத்தின் அசைவைப் பதிந்தனர். எழுபது ஆண்டுகள் கடந்தும் அப்பரிசோதனையில் பெரும் வேலை மனிதக் கைக்கே. தொழினுட்பவியலாளர் நோயாளியின் விலா இடுக்கில் கருவியை அழுத்திப் பிடித்துப் படம் எடுக்கிறார். பின்னர் இடது இதயவறையின் விளிம்பைத் திரையில் வரைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை வீதக் குருதி வெளித்தள்ளப்படுகிறது என்று கணிக்கிறார். நாள் முழுவதும் இதையே செய்பவரின் தோளும் மணிக்கட்டும் நோவெடுப்பது இத்தொழிலில் யாவரும் அறிந்த சங்கதி.

இச்சுமையைச் செயற்கை நுண்ணறிவு பகிர்ந்துகொள்ளலாமா? தாராளமாகப் பகிரலாம் என்பதே எனது கருத்து. லொஸ் ஏஞ்சல்ஸ் சீடர்ஸ்-சைனாய் வைத்தியசாலையில் நடந்த ஆய்வொன்று 2023 இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. முதற் கணிப்பைச் செய்தது மனிதரா இயந்திரமா என்று அறியாமலே இதய வைத்தியர்கள் அதைச் சரிபார்த்தனர். தொழினுட்பவியலாளரின் கணிப்புகளில் 27.2 வீதத்தையும் இயந்திரத்தின் கணிப்புகளில் 16.8 வீதத்தையும் அவர்கள் கணிசமாகத் திருத்த நேர்ந்தது.

"இயந்திரம் வென்றது" என்று தலைப்பிடத் துடிக்கும் சக பத்திரிகையாளர்கள் அந்த 16.8 வீதத்தையும் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஆறில் ஒன்று. அதைத் திருத்தியவர் மனிதரே. 2021 இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், முன் அனுபவமற்ற எட்டுத் தாதியர் இயந்திரத்தின் வழிகாட்டலில் 240 நோயாளிகளுக்குப் படம் எடுத்தனர். பெரும்பாலான படங்கள் பயன்பட்டன. ஆயினும், அப்படங்களைப் பார்த்து முடிவு சொன்னவர்கள் நிபுணர்களே.

ஈய எழுத்துகளை அச்சுக்கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். கணினி வந்ததும் பக்கம் தயாரிக்கும் நேரம் குறைந்தது. மிச்சமான நேரம் செய்தியைச் சரிபார்க்கக் கிடைக்கும் என்று நம்பினோம். கிடைத்ததோ கூடுதல் பக்கங்கள்!

எக்கோ அறையிலும் அதுவே நடக்கலாம். இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தில் இன்னொரு நோயாளியை வரிசையில் சேர்த்தால், நோவெடுத்த தோளுக்கு ஓய்வில்லை. சரிபார்க்க வேண்டிய வைத்தியரும் பார்க்காமலே ஒப்பமிடப் பழகிவிடுவார். அப்போது அந்த ஆறில் ஒரு திருத்தத்தைச் செய்ய எவரும் இருக்கமாட்டார்.

அளக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுப்போம். மிச்சமாகும் நேரம் நோயாளிக்கும் அவரைப் பரிசோதிப்பவருக்கும் உரியது என்பதை, கருவியை வாங்கும் முன்னரே வைத்தியசாலைகள் எழுத்தில் உறுதிசெய்யட்டும்.