டிடிசிபி அப்ரூவல் இருக்கு... பக்கத்து வயலுக்கு வழி இருக்கா?

சென்னை, கோவை, மதுரை, திருச்சி... எந்த ஊரிலிருந்து பைபாஸ் பிடித்தாலும் அரை மணி நேரத்தில் அந்தக் காட்சி வந்துவிடும். வளைவு வைத்த நுழைவாயில், கலர் கொடிகள், வெள்ளையடித்த கற்கள். 'டிடிசிபி அப்ரூவ்டு, ரெரா பதிவு பெற்றது, பேங்க் லோன் வசதி உண்டு' என்று ஒரு பெரிய போர்டு. காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் நெல் வயலோ தென்னந்தோப்போ மாட்டுக் கொட்டகையோ இருக்கும். போர்டில் அதைப் பற்றி ஏதாவது இருந்தால், 'பசுமை சூழ்ந்த அமைதியான இடம்' என்ற ஒரு வரிதான்.

அந்தப் பசுமை சும்மா முளைத்தது இல்லை. அது ஒருவருடைய வேலை செய்யும் இடம். அங்கே தண்ணீர் வர வேண்டும், போக வேண்டும். டிராக்டர் நுழைய வேண்டும், மருந்து அடிக்க வேண்டும், ராத்திரியில் மோட்டார் ஓட வேண்டும். நாம் வாங்கும் மனை இதையெல்லாம் தாங்குமா, அல்லது தடுக்குமா? இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது எவ்வளவு பெரிய விஷயம்?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48.4% பேர் நகரங்களில் இருந்தார்கள். சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கும் அரசாணை 2022-ல் வந்தது. அந்தப் புது எல்லைக்குள் வருவதெல்லாம் வெறும் காலி இடம் இல்லை. 'ஏரி மாவட்டம்' என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டுப் பகுதி அதில் இருக்கிறது. ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்த ஏரிக்குப் போகும். நடுவில் வாய்க்கால்கள் வயல்களுக்குப் பிரியும். இப்படிச் சங்கிலியாகக் கட்டப்பட்ட ஓர் ஊர் அமைப்புக்கு நடுவேதான் சதுரம் சதுரமாக மனை போடுகிறோம்.

பிரச்சனை எங்கே ஆரம்பிக்குது?

முதலில் மட்டம். லேஅவுட் போடுபவர் கிராவல் கொட்டி நிலத்தை இரண்டு மூன்று அடி உயர்த்துவார். வாங்குகிறவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் மேட்டு வயலில் விழுந்த மழை இதுவரை இந்த நிலம் வழியாகத்தான் இறங்கிப் போயிருக்கும். இப்போது அது காம்பவுண்டில் முட்டி நிற்கும்; நாற்று அழுகும். வயல் தாழ்வாக இருந்தால் கதை தலைகீழ். சிமென்ட் ரோட்டிலும் மாடியிலும் விழும் மழை மொத்தமும் மண்ணில் இறங்காமல் நேரே வயலுக்குள் பாயும். சில வருடங்கள் கழித்து, செப்டிக் டேங்க் கழிவும் அதே வழியைக் கண்டுபிடிக்கும்.

இரண்டாவது, வாய்க்கால். அகலமான வாய்க்காலை மூடிவிட்டு ஒரு சிமென்ட் குழாயைப் பதித்து 'வழி விட்டாச்சு' என்பார்கள். முன்பு மண்வெட்டியோடு வந்து யார் வேண்டுமானாலும் தூர் வாரலாம். குழாய்க்குள் பிளாஸ்டிக் கவர் அடைத்தால் யார் இறங்குவது?

மூன்றாவது, வண்டிப்பாதை. கிராமத்தில் பல பாதைகள் பழக்கத்தில் வந்தவை. ஒருவர் பட்டா நிலத்தின் ஓரமாக இன்னொருவர் மாட்டு வண்டி ஓட்டுவார். யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். வேலி போட்டதும் பாதை போச்சு. அறுவடை இயந்திரம் உள்ளே போக முடியாத வயலில் விளைந்தும் என்ன பயன்?

இனி மறுபக்கம். வீடு கட்டிக் குடி வந்த பிறகுதான் பசுமைக்கு ஒரு வாசனை இருப்பது தெரிய வரும். சாணி நாற்றம், கோழிப் பண்ணை ஈ, பூச்சி மருந்து, மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் ஓடும் மோட்டார் சத்தம். அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் கொதிப்பு. 1100-க்கு ஒரு புகார், ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மனு. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தவர், நேற்று வந்தவர்களின் புகாருக்குப் பதில் சொல்ல அலைகிறார். மருந்து வாசனையில் குழந்தைக்கு மூச்சுத் திணறினால் அந்த அம்மாவின் கோபமும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது, தவறு எங்கே? சுவரோடு சுவராக இரண்டையும் ஒட்டி வைத்த வரைபடத்தில்.

சட்டம் என்ன சொல்லுது?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது நினைவிருக்கலாம். அதன் பிறகு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள், ரெரா, 2019-ல் ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் என்று நிறைய மாறியிருக்கிறது. இவை வாங்குகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு. சாலை எவ்வளவு அகலம், பூங்காவுக்கு எவ்வளவு இடம், நீர்நிலை ஆக்கிரமிப்பு உண்டா என்று பார்க்கிறார்கள். நில உபயோகத்தை மாற்றும்போது பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்கும் நடைமுறையும் உண்டு. ஆனால் விடியற்காலையில் மடை திறக்கப் போகிறவர் அந்தக் குட்டி விளம்பரத்தைப் பார்த்து, மனு எழுதி, அலுவலகம் போவார் என்று நினைப்பது கொஞ்சம் அதிகம். லேஅவுட் வரைபடத்தை வயல்காரரிடம் காட்டி 'உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு?' என்று கேட்கும் வழக்கமே நம்மிடம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய சட்டம் ஒன்று விவசாயி பக்கம் இருக்கிறது. 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, மேட்டு நிலத்தில் விழும் மழை நீர் இயல்பாகத் தாழ்ந்த நிலத்துக்கு ஓடிவருவதைக் கீழே இருப்பவர் தடுக்கக் கூடாது. ஒரு பாதையையோ வாய்க்காலையோ 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்தால் அது சட்டப்படியான உரிமையாகவும் ஆகலாம். ஆனால் அதை சிவில் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் ஆகும். காம்பவுண்ட் சுவர் எழும்ப ஒரு வாரம் போதும்.

மத்த நாடுகள்ல எப்படி?

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் 'விவசாயம் செய்யும் உரிமை'ச் சட்டங்கள் இருக்கின்றன. ஏற்கெனவே நடக்கும் பண்ணைக்குப் பக்கத்தில் வந்து குடியேறியவர், வாசனை, சத்தம் என்று வழக்குப் போடுவதை இவை கட்டுப்படுத்துகின்றன. இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யக் கூடாது. வட கரோலினாவில் தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்த பன்றிப் பண்ணைகளும் இதே கேடயத்தைத்தான் தூக்கின. அங்கே பாதிக்கப்பட்டதில் காலங்காலமாக அதே ஊரில் இருந்த ஏழைக் குடும்பங்கள் அதிகம்.

இங்கிலாந்து 2018-ல் தன் தேசியத் திட்டமிடல் கொள்கையில் வேறு ஒரு யோசனையைச் சேர்த்தது: மாற்றத்தைக் கொண்டு வருபவர்தான் அதன் பாதிப்புக்கும் தீர்வு தர வேண்டும். பழைய இசைக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பு கட்டினால், சத்தம் கேட்காமல் தடுப்பது கட்டுபவர் பொறுப்பு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், நகரமும் பண்ணையும் சந்திக்கும் விளிம்புக்கென்றே வழிகாட்டி வைத்திருக்கிறது. வீடுகளைத் தள்ளிக் கட்டுவது, நடுவில் மரவேலி வளர்ப்பது, வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிவிப்பது என்று இரு பக்கத்துக்கும் அதில் வேலை இருக்கிறது. நமக்குப் பொருந்துவது இந்த வழி என்பது என் கருத்து.

சரி, இங்கே என்ன செய்யலாம்?

1. பூங்காவை விளிம்புக்குக் கொண்டு வாங்க: 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில், சாலை போக மீதியில் 10% திறந்தவெளி நிலமாக ஒதுக்கியாக வேண்டும். பல இடங்களில் விற்காத கோணல் மூலைதான் 'பார்க்' ஆகிறது. அதில் ஒரு பகுதியை வயல் ஓரமாக நீளவாக்கில் வைத்து வேம்பும் புங்கனும் நட்டால், மருந்து காற்றில் அடித்து வருவது குறையும், சத்தமும் குறையும். கூடுதல் நிலம் தேவையில்லை.

2. அல்லது சாலையை விளிம்பில் போடுங்க: வீட்டின் பின்சுவர் வயலைத் தொடாது. சாலையின் ஒரு பக்கம் மட்டும்தான் மனை விற்க முடியும் என்பதால் புரமோட்டருக்கு இழப்பு உண்டு. அதனால் அவராகச் செய்ய மாட்டார். விதியில்தான் எழுத வேண்டும்.

3. மட்டக் கணக்கைக் காட்டுங்க: உள்ளே எத்தனை அடி உயர்த்துகிறார்கள், சுற்றியுள்ள நிலத்தின் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்ற வரைபடம் அனுமதிக்கு முன் வேண்டும். அதில் அக்கம்பக்கத்துப் பட்டாதாரர்களின் கருத்தையும் பதிவு செய்ய வேண்டும்.

4. வாய்க்காலைத் திறந்தே விடுங்க: குழாய்க்குள் அடைக்காமல், தூர் வார ஆள் நடக்கும் அளவுக்குக் கரையும் விட வேண்டும்.

5. பத்திரத்தில் சொல்லுங்க: 'பக்கத்தில் விவசாயம் நடக்கிறது, அதன் வழக்கமான வாசனை, சத்தம், நேரம் இதெல்லாம் இருக்கும்' என்று கிரயப் பத்திரத்திலேயே ஒரு பத்தி இருக்கட்டும்.

விவசாயிக்கும் பொறுப்பு உண்டு. காற்று குறைந்த அதிகாலையில் மருந்து அடிப்பது, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்வது, சருகைக் கொளுத்தாமல் இருப்பது. கேட்டால் பெரும்பாலானோர் செய்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

'அவரே நாளைக்கு வித்துடுவாரே?'

எல்லோரும் சொல்லும் வாதம் இது. விற்கலாம், அது அவர் உரிமை. ஆனால் எந்த நிலையில் விற்கிறார் என்று பாருங்கள். முதலில் வாய்க்கால் அடைபடும். பிறகு பாதை போகும். இரண்டு போகம் அழுகும். 'இந்த நிலத்தை வெச்சு இனி என்ன பண்ணப் போறீங்க?' என்று ஒரு புரோக்கர் வருவார். சந்தை விலை கேட்கும் தெம்பு அப்போது அவரிடம் இருக்காது. இதற்குப் பெயர் விற்பனை இல்லை, வெளியேற்றம்.

'இதெல்லாம் செய்தால் மனை விலை ஏறும்; இஎம்ஐ கட்டுகிற நாங்கதான் பாதிக்கப்படுவோம்' என்பது அடுத்த வாதம். கொஞ்சம் ஏறலாம். ஆனால் 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்தோம். தண்ணீரின் வழியில் கட்டிய வீட்டுக்கு, குடியிருப்பவர் பிறகு தவணை தவணையாகச் செலுத்தும் விலை அதைவிட அதிகம். பக்கத்து வயலின் வடிகால்தான் நம் தெருவின் வடிகாலும்.

மனை பார்க்கப் போறீங்களா?

வெயில் நாளில் மட்டும் போகாதீங்க; மழைக்கு மறுநாள் ஒரு தடவை போங்க. அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் புலப்படத்தைப் பாருங்க. அதில் வாய்க்காலோ பாதையோ இருந்தால், நேரில் அது எங்கே என்று தேடுங்க. கடைசியாக, சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ் காரில் ஏறச் சொல்லும் முன், வரப்பில் நிற்பவரிடம் போய் 'ஐயா, மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போகும்?' என்று கேளுங்க. அந்த மண்ணைப் பற்றி எந்த பிரவுச்சரிலும் இல்லாத தகவல் அவரிடம்தான் இருக்கிறது. நாளைக்கு உங்களுக்கு முதல் பக்கத்து வீட்டுக்காரரும் அவர்தான்.