தோல் நாட்டில் பறைக்கு இடம் எங்கே?

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூருக்கு அருகில் ஒரு தமிழ் விழாவிற்குச் சென்றிருந்தேன். நடத்தியவர்கள் நம்மவர்களே, பெயர் வேண்டா. பந்தல் வாயிலில் நால்வர் பறை முழக்கி எங்களை வரவேற்றனர். உள்ளே அறிஞர் ஒருவர், பறையே தமிழனின் முதற்கருவி என்று ஒன்றரை மணிநேரம் முழங்கினார். நண்பகலில் அறிஞர்க்குத் தலைவாழை இலை. பறை முழக்கியவர்க்கோ வேலிக்கு வெளியே சோற்றுப் பொட்டலம்! அந்தப் பொட்டலம் இன்றும் என் கண்ணை உறுத்துகின்றது.

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களுள் ஒன்றாகப் பறையை வைத்தார். மாங்குடி கிழார் புறநானூற்றின் 335ஆம் பாட்டில், சிறந்த குடிகள் நான்கனுள் பறையனை ஒருவனாக எண்ணினார். பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் பறைகின்றனர். இத்துணைத் தூய தமிழ்ச்சொல் கடல்கடந்து ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்தபொழுது என்ன பொருள் பெற்றது? 'ஒதுக்கப்பட்டவன்' என்று! அப்பொருளை வெள்ளையன் படைத்துக்கொண்டானா? நம் ஊர்த்தெருவைப் பார்த்து அவன் கற்றுக்கொண்டான். வடசொல் களைவதில் நாம் காட்டும் முனைப்பில் பத்தில் ஒரு பங்கையேனும் இந்தக் கறையைக் களைவதில் காட்டினோமா?

இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரை நெடுகத் தோல்தான் வாழ்வு. ஆவாரம்பட்டையில் ஊறிய தோலும், பின்னர்க் குரோமிய உப்பில் ஊறிய தோலும் காலணியாகி மேலைநாட்டார் கால்களுக்குச் செல்கின்றன. அத்தோலைத் தொட்டு உழைத்தவர்களுள் பெரும்பாலோர் சேரி மக்கள். ஆற்றையும் கிணற்றையும் கெடுத்த ஆலைகள் ஈடு தரவேண்டுமென்று உச்சநயன்மன்றம் 1996இல் தீர்ப்புரைத்ததே, அந்நீரைக் குடித்தவர்களும் இவர்களே. பறைக்கோ பதனிடாத தோல் வேண்டும். கன்றின் பச்சைத்தோலை மரச்சட்டத்தின்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, காயவைத்து, வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் அது பேசும். ஆலைக்குள் நுழையும் தோலுக்கு விலையுண்டு, வங்கிக் கடனுண்டு, ஏற்றுமதிக்கு அரசின் ஊக்கமுண்டு. பறையில் ஏறும் தோலுக்கும் அதை அடிக்கும் கைக்கும் என்ன உண்டு? சாவு வீட்டில் சாராயமும் சில்லறையும்!

"பறையே எங்கள் இழிவின் அடையாளம், அதை அடிக்கமாட்டோம்" என்று மறுத்தும், பறையைத் தீயிலிட்டும் போராடிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அவர்களை வணங்குகின்றேன். ஊர் ஏவ அடிக்கும் பறை அடிமைத்தொழில். அதை மறுப்பதே மானம். ஆனால் ஏவுவோர் இல்லாத ஓரிடத்தில் அதே கருவியைத் தன் விருப்பால் ஒருவன் எடுத்தால்? ஒருத்தி எடுத்தால்? திண்டுக்கல்லில் துறவிப்பெண் சந்திரா முதலியோர் 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், ஒடுக்கப்பட்ட குடும்பத்து இளம்பெண்கள் பறை கட்டி ஆடத் தொடங்கினர். ஆண்களுக்கே உரியது என்றிருந்த கருவி அவர்கள் இடுப்பில் ஏறியது. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் தாமரைத்திரு விருது அறிவிக்கப்பட்டது. விருது நன்றே; ஆயினும் அவரைப்போல் அடிக்கக்கூடிய பேரணாம்பட்டு இளைஞன் பழகுவதற்கு நான்கு சுவரும் ஒரு கூரையும் வேண்டாவா?

கூத்துக்கு அவ்வாறு ஒரு கூரை கிடைத்தது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், கூத்துக்கலைஞர் இராசகோபாலும் ஆலந்து நாட்டு ஆய்வறிஞர் ஆன்னெ தெ புரூயினும் வளர்த்த கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் எழுந்தது. அதன் உறைவிடப் பள்ளி 2002 முதல் 2020 வரை ஏழைப் பிள்ளைகளுக்குக் கூத்தும் கல்வியும் ஒருங்கே தந்தது, பெண்பிள்ளைகளும் வேடங்கட்டினர். பதினெட்டாண்டு நடந்த பள்ளி மூடப்பட்டதற்கு நம்முள் எத்தனைபேர் வருந்தினோம்?

"அயலார் உறவு தமிழைக் கெடுக்குமே" என்று சில அன்பர்கள் முணுமுணுப்பது காதில் விழுகின்றது. நாம் எதிர்ப்பது ஆதிக்கத்தை. அண்டை வீட்டுக்காரனை எப்பொழுது எதிர்த்தோம்? உருதுக் கவிஞர் குடும்பத்திற் பிறந்த அப்துல் ரகுமான், வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரியில் தமிழ் பயிற்றியவர். கசல் வடிவைத் தமிழுக்குக் கொணர்ந்தவர். தமிழ் அதனால் தேய்ந்ததா? பழைய வடஆர்க்காட்டுப் புரிசையின் கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான், அரியான் முனூச்கின் நடத்தும் பிரெஞ்சு நாடகக் குழுவினர்க்குத் தெருக்கூத்தைக் கற்பித்தார். 2016இல் பாரிசின் வென்சேன் காட்டுப்பகுதியில் அவர்கள் மேடையேற்றிய நாடகத்தில், பிரெஞ்சுக்காரர் வாயில் தமிழ்ப்பாட்டு ஒலித்தது! அதற்குப் பெருமைப்படும் நாம், பக்கத்துத் தெரு உருதுக்காரனைக் கண்டு முகஞ்சுளிப்பது என்ன நயன்மை?

இராணிப்பேட்டையில் 2015 சனவரி 31 அன்று தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் பதின்மர் மாண்டனர். அவர்களுள் மிகப்பலர் வங்கத்திலிருந்து பிழைக்க வந்த எளியோர். வங்கத்தில் 'தாக்' என்றொரு பெரிய தோல்முரசு உண்டு. துர்க்கை விழாவில் அதை முழக்குவோர் வழிவழியாகத் தோல்தொழில் செய்த ஒடுக்கப்பட்ட குலத்தார். நம் பக்கீர்கள் தாயிரா கொட்டிப் பாடுகின்றனர். பறையும் தாயிராவும் தாக்கும் ஒரே முற்றத்தில் ஒலித்தால் தமிழ்ப்பறை தாழ்ந்துவிடாது; தன் உறவினரைக் கண்டுகொள்ளும்.

ஆகவே ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு பொதுக் கலைக்கூடம் வேண்டும். அதற்கு நிலத்தை அரசு தருக. தோலால் செழித்த ஆலைமுதலாளிகள் சுவரெழுப்புக. நடத்தும் பொறுப்பு மட்டும் கலைஞர் கையிலேயே இருத்தல் வேண்டும். அதிகாரியிடமும் கொடையாளியிடமும் விட்டால் மீண்டும் வேலிதான், மீண்டும் பொட்டலந்தான். பறை காய்ச்ச ஒரு தீக்குழி, கருவிகளை வைக்கப் பூட்டுடன் ஓர் அறை, பெண்கள் அச்சமின்றி மாலையில் வந்துபோக விளக்குள்ள பாதை ஆகியவை இருந்தாலே தொடங்கிவிடலாம்.

அதுவரை நம் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் பறை முழக்கியவர் எந்தப் பந்தியில் உண்டார், மேடையில் அவருக்கு இருக்கை இருந்ததா, பேச்சாளர்க்கு அளித்த வழிச்செலவு அவர்க்கும் அளிக்கப்பட்டதா என்பவற்றை உங்கள் நிகழ்ச்சி அறிக்கையில் எழுதி விடுங்கள்.