ஆட்டம் ஆடுபவருடையது

ஒருவர் தாம் விளையாடுவதைக் குரல் விளக்கத்தோடு பதிவுசெய்து யூடியூபில் வெளியிடும்போது கிடைக்கும் விளம்பர வருமானம், அந்த விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்துக்கே உரியது என்றும், ஆடியவர் கையில் எஞ்சுவது நிறுவனம் மனமிரங்கி விட்டுக்கொடுத்தது என்றும் பரவலாக நம்பப்படுகிறது. உருவங்களும் இசையும் நிரலும் நிறுவனத்தின் படைப்பு என்பது உண்மை. அந்த உண்மையிலிருந்து இந்த முடிவு பிறப்பதில்லை.

சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபயர்’ விளையாட்டில் 50 பேர் ஒரு தீவில் இறங்கி, ஒருவரோ ஓர் அணியோ எஞ்சும்வரை மோதுகிறார்கள். ‘பெர்முடா’ என்னும் களம் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் எங்கே குதிப்பது, சுருங்கிவரும் பாதுகாப்பு வட்டத்துக்குள் எப்போது நுழைவது, ‘குளூ வால்’ எனப்படும் தற்காலிகத் தடுப்புச் சுவரை எந்தக் கணத்தில் எழுப்புவது என்பவற்றை ஆடுபவரே தீர்மானிக்கிறார். பார்வையாளர் தேடி வருவது அந்தத் தீர்மானங்களையும், அவற்றைத் தம் ஊர்ப்பேச்சில் விளக்கும் குரலையுமே. விளையாட்டு இலவசமாகவே கிடைப்பதால் காணொளியைப் பார்த்துவிட்டு எவரும் அதை வாங்காமல் விடப்போவதில்லை. மாறாக, உள்ளே விற்கப்படும் ‘டைமண்ட்’களுக்குப் புதிய வாடிக்கையாளர் சேர்கிறார்கள். 2018இல் வெளியாகிக் கவனிப்பாரற்றுக் கிடந்த ‘அமங் அஸ்’, நேரலையில் ஆடிக்காட்டியவர்களால் 2020இல் உலகெங்கும் பரவியபோது, யார் யாருக்குக் கடன்பட்டார்?

2013 மே மாதம் ஜப்பானின் நின்டெண்டோ, உரிமையாளரின் படைப்பைத் தானாகக் கண்டறியும் யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ முறைமையைக் கொண்டு இரசிகர்களின் காணொளி வருமானத்தைத் தன்பக்கம் திருப்பியது. 2015இல் படைப்பாளருக்கு 60 அல்லது 70 சதவீதம் என்று பங்கு பிரித்தது. 2018 இறுதியில் பங்கு கேட்கும் அத்திட்டத்தையும் கைவிட்டது. இலங்கையின் கரவனெல்லயிலும் இறப்பர் மரம் கம்பனியுடையது என்பதற்காகப் பால் வெட்டியவரின் கூலியும் கம்பனிக்கே சேரவேண்டும் என்று எவரும் வாதிடத் துணியார்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அனுமதியின்றியும் ஒரு படைப்பைக் கையாளத்தக்க எல்லையாகிய நியாயமான பயன்பாட்டைத் தீர்மானிக்கையில், அதன் வணிக நோக்கத்தோடு மூலப்படைப்பின் சந்தைக்கு நேரும் பாதிப்பையும் கருதச் சொல்கிறது. கதையே சரக்காக உள்ள விளையாட்டில் அப்பாதிப்பு மெய்யானது: ‘ஸ்டைன்ஸ்;கேட்’ வரிசை விளையாட்டொன்றின் முடிவு உள்ளிட்டவற்றைப் பதிவேற்றி வருமானம் பெற்றவருக்கு 2023இல் ஜப்பானின் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது சரியே. ஒவ்வோர் ஆட்டமும் புதிதாக முடியும் விளையாட்டுக்கு அந்த நியாயம் பொருந்தாது.

ஆனால் நடைமுறையில், நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையை மறுத்து யூடியூபில் முறையிட்டால், அதை முதலில் பரிசீலிப்பதும் கோரிக்கை விடுத்த நிறுவனமே. அதற்கு 30 நாள் அவகாசம் உண்டு. மேலும் வாதாடினால் காணொளியே நீக்கப்படலாம். ‘ஸ்ட்ரைக்’ எனப்படும் பதிப்புரிமை எச்சரிக்கை 90 நாட்களுக்குள் மூன்று விழுந்தால் சனலும் பறிபோகும். சட்டத்தரணி வைக்க வசதியுள்ளவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. தோட்டத்து லயன் அறையில் ஒற்றைத் தொலைபேசியில் பதிவுசெய்து, டேட்டாவுக்குக் காசு சேர்த்துப் பதிவேற்றும் இளைஞரோ, நியாயம் தம் பக்கம் இருந்தும் வருமானத்தை விட்டுக்கொடுத்து அடங்கிப் போகிறார்.